கம்ப்ரசர் மாத்தி

1

எங்களிடம் ஒரு கேரவன் இருக்கிறது என்று போனில் சொன்ன அன்று, அருப்புக்கோட்டையில் என் தம்பி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏன்க்கா, படத்துல கிடத்துல நடிக்கிறியா?" என்றான். நம் ஊரில் கேரவன் என்றால் ஷூட்டிங்கில் கதாநாயகி குளுகுளுவென்று உட்கார்ந்து மேக்கப் போடும் வண்டி. எங்களுடையது அப்படிப்பட்டதல்ல என்று அவனுக்கு விளக்கி முடிப்பதற்குள் போன் கட்டாகிவிட்டது. இப்போது உங்களுக்கும் விளக்க வேண்டும்.

இங்கே மலாய் நாட்டில் இதை மோட்டார்ஹோம் என்கிறார்கள். ஜப்பானில் யாரோ ஓட்டித் தேய்த்துத் தள்ளிவிட்ட வண்டி. உள்ளே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு கை கழுவும் தொட்டி, உட்கார்ந்தால் முழங்கால் கதவில் இடிக்கும் ஒரு கழிப்பறை. என் வீட்டுக்காரர் குணசேகரன் லாரி ஓட்டியவர். முப்பது வருடம் லாரியிலேயே தூங்கிப் பழகிய மனுசனுக்கு, லாரியை விட்ட பிறகு வீட்டுக் கட்டிலில் தூக்கம் வரவில்லை. இதை வாங்கிக்கொண்டு வந்து லூனாஸில் எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினார். பாதி வண்டி எங்கள் இடத்தில், மீதி ரோட்டில்.

குணா இறந்து இந்த மாதத்தோடு ஒரு வருடம். அந்த வண்டியின் ஏசியை நானும் என் மகள் ஷாமினியும் ஒரு வாரமாகப் பிரித்துப் போட்டிருந்தோம். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஏசியைத் தொட்டால் அவரைத் தொட வேண்டியிருக்கிறது. என்ன செய்ய, இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

2

"அருப்புக்கோட்டைக்காரிக்கு வெயில் என்ன புதுசா?" இருபத்தொரு வருடமும் குணா என்னைக் கேட்ட கேள்வி இது. அங்கே வெயில் சுடும், நிழலுக்குள் போனால் விட்டுவிடும். இங்கே நிழலுக்குள்ளும் கூடவே வரும். மழை பெய்து விட்டால் இன்னும் மோசம், இட்லிக் கொப்பரைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். எனக்குத் தலையை இடிக்கும், வாந்தி வரும், அப்புறம் யாரைப் பார்த்தாலும் கடிப்பேன்.

எங்கள் அம்மாவும் இப்படித்தான். எனக்குக் கல்யாணமான வருடம் எங்கள் பக்கத்தில் ஏசி இருந்தது பஜாரில் ஒரு ஏடிஎம் அறையில்தான். காய்கறி வாங்கிவிட்டு அம்மா அதற்குள் போய் நிற்பாள். அவளிடம் கார்டே கிடையாது. வாட்ச்மேன் கேட்டால், "மெசினு வேலை செய்யுதான்னு பாக்குறேன்" என்பாள். அந்த ரத்தம்தான் எனக்கும்.

வண்டியில் முன்பக்கத்து ஏசி வாங்கும்போதே இல்லை. வெட்டிவிட்ட குழாய் மட்டும் தொங்கியது. இருந்தது கூரைமேல் உட்கார்ந்திருக்கும் ஒன்றுதான். வண்டிக்குள்ளேயே ஒரு சின்ன ஜெனரேட்டர் உண்டு, அதில் ஓடும். வாசலில் நிற்கும்போது வீட்டுக் கரண்டில் ஓடும். அது ஓடினால் வண்டி சொர்க்கம். அது போன வருடத்துக்கு முந்தைய வருடமே முனக ஆரம்பித்துவிட்டது. ஒரு பள்ளி விடுமுறையில் கோலா பெர்லிஸ் வரை போய்வந்தோம். திரும்பும் வழியில் வெறும் காற்றுதான் வந்தது, அதுவும் சூடாக. நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வீட்டு வாசலில் இறங்கியதும் தெருவே கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "இந்த ஏசிய சரி பண்ணாம இனிமே இந்த வண்டியில கால் வெச்சேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"சரியாயிடும் லா," என்றார் குணா. அவர் அவ்வளவுதான் பேசுவார்; அந்த 'லா' இங்கத்துப் பேச்சின் வால்.

சில வாரம் கழித்து ஒரு நாள் காலை, பசியாறிவிட்டுச் சாவியை எடுத்தார். எங்கே என்று கேட்டேன்.

"மெர்கோங் வரைக்கும். ஒரு வேலை இருக்கு."

மெர்கோங் அலோர் ஸ்டார் பக்கத்தில் இருக்கிறது, லூனாஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். எங்களுக்கு அங்கே சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. நான் கோபத்தை விட்டு இறங்கி வந்து, "நானும் வர்றேன், வெளிய போயி நாளாச்சு," என்றேன்.

"நீ வேணாம். நீ இரு."

அவ்வளவுதான். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. வழக்கமாகப் பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன், அன்று கொடுக்கவில்லை. வாசலுக்கும் போகவில்லை.

மதியம் போன் வந்தது. நெடுஞ்சாலையில் ஓய்வெடுக்கும் இடத்தில் வண்டியை ஒழுங்காகக் கோட்டுக்குள் நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்திருக்கிறார். மாரடைப்பு என்றார்கள்.

3

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வண்டியைத் துடைக்கும்போது அவருடைய நோட்டுப் புத்தகம் கிடைத்தது. வண்டிக்கு என்ன செய்தாலும் அதில் எழுதிவைப்பார். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது உங்களுக்குப் புரியாது.

குணா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர். அவர் வாயில் பாதி மலாய், எழுத்து முழுக்கத் தமிழ். ஆகவே மலாயையும் தமிழ் எழுத்தில்தான் எழுதுவார். கல்யாணமான புதிதில் லாரி நோட்டில் ஒரு வரி பார்த்துத் திடுக்கிட்டுப் போனேன்: "தாயார் ரெண்டும் தேஞ்சு போச்சு." யாருடைய தாயார், ஏன் தேய்ந்தார்கள் என்று நான் பதற, "தாயார் லா, டயரு," என்று சக்கரத்தைக் காலால் உதைத்துக் காட்டினார். அடுத்த வரி: "மிஞாக் துக்கார்." மிஞாக் என்றால் எண்ணெய், துக்கார் என்றால் மாற்றியாயிற்று. இது ஆயில் மாற்றிய கணக்காம்.

நான் ஊரில் தனியார் பள்ளியில் ஒரு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். சிவப்புப் பேனாவை எடுத்து அவர் நோட்டைத் திருத்தினேன். "தமிழ்ல எழுதினா தமிழ எழுதுங்க," என்றேன்.

"நான் எழுதுறது எனக்குப் புரியுது. காடிக்கும் புரியுது," என்றார். இங்கே வண்டியைக் காடி என்பார்கள்.

அந்த நோட்டில் கடைசி வரி இது: "கம்ப்ரசர் மாத்தி. மெர்கோங்."

பச்சைத் தமிழ். திருத்த ஒன்றுமில்லை. ஏசியின் கம்ப்ரசரை மாற்றியிருக்கிறார். மெர்கோங்கில் மாற்றியிருக்கிறார். அதாவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஒரு முறை போய் ஏசியைச் சரிபண்ணிவிட்டு, குளுகுளு வண்டியோடு மறுபடியும் அதே மெர்கோங்குக்குக் கிளம்பியிருக்கிறார். ஏசி சரியானால் வருவேன் என்று சொன்னவள் நான். சரிபண்ணிவிட்டு என்னை வேண்டாம் என்றவர் அவர்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒரு வருடம் நான் பட்ட பாட்டை யாரிடமும் சொல்லவில்லை. மெர்கோங்கில் யார் இருக்கிறார்கள்? எதற்கு நான் வேண்டாம்? சாதம் வடிக்கும்போது வரும், துணி காயப்போடும்போது வரும். செத்துப்போனவரைச் சந்தேகப்படுகிறோமே என்று கூசும். கூசிக்கொண்டே சந்தேகப்படுவேன். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அது வாசலில் பறவை எச்சத்தோடு நின்றது.

4

ஷாமினிக்கு இருபது வயது. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறாள். செமஸ்டர் லீவில் வந்தவள், அப்பாவின் வருடத் திதிக்குக் கோலா கெடா கடற்கரைக்கு அப்பா வண்டியிலேயே போகலாம் என்றாள். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஏசியைப் போட்டால் காற்றாடி சுற்றுகிறது, 'ம்ம்ம்' என்று ஒரு முனகல், பிறகு 'டக்'. சூடான காற்று. நாலு நிமிடம் கழித்து மறுபடி 'ம்ம்ம்', 'டக்'.

ஒரு வருடம் சும்மா கிடந்தால் எதுவும் கெட்டுத்தான் போகும் என்று நினைத்தேன்.

வீட்டு ஏசி பார்க்கும் சீனரைக் கூப்பிட்டோம். ஏணி வைத்து ஏறக்கூட இல்லை. இது வண்டி ஏசி, நான் வீட்டு ஏசிதான் பார்ப்பேன் என்று மலாயில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். சரி என்று கார் ஏசி கடைக்கு ஓட்டிக்கொண்டு போனோம். அங்கே இருந்த தமிழ்ப் பையன் அண்ணாந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது வீட்டு ஏர்கோன்க்கா. வீட்டுக் கரண்ட்ல ஓடுறது. நம்ம காடி ஏர்கோன்தான் செய்வோம்," என்றான்.

"வீட்டு ஏசிக்காரர் வண்டிங்கிறார், நீ வீடுங்கிற. நான் எங்கதான்ப்பா போறது?" என்றேன்.

"அதான்க்கா, இது ரெண்டுலயும் சேராது," என்றான். பாவம், அவன் என்ன செய்வான்.

ஷாமினி கையை மடித்துவிட்டுக்கொண்டாள். போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இதே மாதிரி வண்டியில் ஏசி பிரிக்கும் வீடியோ. அதைப் பார்த்துப் பார்த்து ஆரம்பித்தோம். முதலில் உள்பக்க வடிகட்டியைக் கழற்றினோம், கம்பளித் துண்டு மாதிரி அழுக்கு வந்தது. பிறகு கூரையில் ஏறி மூடியைத் திறந்தாள். உள்ளே குளவிக்கூடு. அதைத் தட்டி, தகட்டு மடிப்புகளைச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பல் பிரஷால் தேய்த்தாள். 'ம்ம்ம்', 'டக்'.

அடுத்து ஒயரைப் பிடித்தாள். சமையலறை ஜன்னல் வழியாக நான் இழுத்துவிட்டிருந்த எக்ஸ்டென்ஷன் ஒயர் மெலிசாம், நீளமாம், ஏசி கிளம்புகிற நேரத்தில் கரண்ட் வண்டிக்குப் போய்ச் சேராதாம். தொட்டுப் பார்த்தேன், பிளக் சுட்டது. தடி ஒயர் போட்டோம். 'ம்ம்ம்', 'டக்'. கிளப்பிவிடும் கெபாசிட்டர் ஆப்பம் மாதிரி உப்பியிருந்தது. அதில் நின்றிருக்கும் கரண்டை ஸ்க்ரூடிரைவர் வைத்து அவள் இறக்கினபோது 'பட்'டென்று பொறி பறந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஓடிவந்துவிட்டார். புதிது போட்டோம். 'ம்ம்ம்', 'டக்'.

"ம்மா, கம்ப்ரசரா இருக்குமோ?" என்று கேட்டாள்.

"அது புதுசுடி, அப்பா மாத்திட்டாரு," என்றேன், வெடுக்கென்று. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே என் குரல் மாறும் என்று அவளுக்குத் தெரியும். காரணம்தான் தெரியாது.

5

நடுவில் புதன்கிழமை குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருடம் இங்கே குப்பை கொட்டியும் நான் இன்னும் குடியுரிமை இல்லாமல் பாஸில்தான் இருக்கிறேன். கட்டினவர் கையெழுத்தில் இருந்தேன், இப்போது பெற்ற பெண் கையெழுத்தில். நாலாம் கவுண்டர் ஒன்பதுக்கு அனுப்பியது, ஒன்பது மறுபடி நாலுக்கு. வண்டி ஏசிக்கும் எனக்கும் ஒரே கதி என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த அலுவலகத்துக்கும் எனக்கும் பழைய பாக்கி ஒன்று உண்டு. முதல் முறை வந்தபோது கவுண்டரில் இருந்தவர் "நாமா சுவாமி?" என்று கேட்டார். நாமா என்றால் பெயர் என்று குணா சொல்லித் தந்திருந்தார். சாமி பேரைக் கேட்கிறார், என்ன மரியாதையான நாடு என்று நெகிழ்ந்து, "மாரியம்மன்," என்றேன். மலாயில் சுவாமி என்றால் புருஷன். குணா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு சண்டை வரும்போதெல்லாம், "நான் எங்க உன் சுவாமி, மாரியம்மன்தானே," என்பார்.

இந்த முறை கவுண்டரில் இருந்தது ஒரு சின்னப் பெண். கணவர் வரவில்லையா என்று கேட்டாள். நான் தெரிந்த மலாயில், "சுவாமி சாயா சுடா மாத்தி," என்றேன். என் கணவர் செத்துப்போய்விட்டார்.

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, "மெனிங்கால், காக்," என்று திருத்தினாள். காக் என்றால் அக்கா. வெளியே வந்ததும் ஷாமினி விளக்கினாள்: "மனுசங்களுக்கு மாத்தி சொல்லக்கூடாது லா, ம்மா. கேக்க ஒரு மாதிரி இருக்கும். மெனிங்கால்னு சொல்லணும்."

"அப்படின்னா?"

"திங்கால்னா இருக்கிறது, தங்குறது. மெனிங்கால்னா..." யோசித்தாள். தமிழ்ச் சொல் அவளுக்குச் சட்டென்று வராது. மலாய்ப் பள்ளியில் போட்டோம், எழுத்துக்கூட்டக்கூடத் தெரியாது. அந்தக் குறை எனக்கு எப்போதும் உண்டு. "விட்டுட்டுப் போறது மாதிரி. நம்மள இருக்க விட்டுட்டு."

நீ இரு என்று சொல்லிவிட்டுப் போனாரே, சரியான வார்த்தைதான் என்று நினைத்தேன். 

6

வெள்ளிக்கிழமை பிற்பகல். மறுநாள் காலை திதி. ஷாமினி கடைசி முயற்சியாகக் கூரைப் பெட்டிக்குள் அலுமினிய டேப் ஒட்டினாள். வெளியே வரும் காற்று இடுக்கு வழியாக உள்ளேயே திரும்பிப் போகிறது, அதை அடைக்க வேண்டும் என்று அந்த வெள்ளைக்காரர் சொன்னாராம். ஒட்டிவிட்டுப் போட்டாள். 'ம்ம்ம்', 'டக்'.

வியர்த்துக் கொட்டி இறங்கி வந்தாள். "ம்மா, எல்லாம் பாத்தாச்சு. இனிமே கம்ப்ரசர்தான்."

"அதான் புதுசுன்னு சொல்றேனே."

"எப்போ மாத்தினாரு? எங்க? சாமான் யார் குடுத்தது? அங்கயே கேக்கலாம்ல?"

"மெர்கோங்ல. நோட்டுல எழுதியிருக்காரு, வா, பாரு." கோபத்தில் நோட்டை எடுத்து அவள் முன்னால் போட்டேன். போட்ட பிறகுதான் அவளுக்குப் படிக்கத் தெரியாதது ஞாபகம் வந்தது.

"படிங்க. அப்பா எழுதினத அப்படியே படிங்க, நீங்க அர்த்தம் சொல்ல வேணாம்."

படித்தேன். "கம்ப்ரசர் மாத்தி. மெர்கோங்."

ஷாமினி என்னைப் பார்த்தாள். "மறுபடி படிங்க."

"கம்ப்ரசர் மாத்தி."

"ம்மா," என்றாள், "அது மாத்தி லா. மலாய் மாத்தி. கம்ப்ரசர் செத்துப்போச்சுன்னு எழுதியிருக்காரு."

"போடி. இது தமிழு. மாத்தி, மாத்தியாச்சு."

"அப்பா எப்பம்மா அப்படி எழுதுவாரு? மாத்தினா துக்கார்னுதானே எழுதுவாரு? நீங்கதானே சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க. பாருங்க, வேற எங்கயாச்சும் மாத்தின்னு இருக்கா?"

பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மிஞாக் துக்கார். தாயார் துக்கார். பேட்டரி துக்கார். பத்து வருட நோட்டு. எங்கேயும் இல்லை. அந்த ஒரே இடத்தைத் தவிர எங்கேயும் அவர் மாத்தி என்று எழுதவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் அந்த வார்த்தையை நானே என் வாயால் ஒரு சின்னப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தமிழ் எழுத்தில் பார்த்ததும் கண் மூடிப்போயிற்று எனக்கு. தமிழ் டீச்சராம்!

ஷாமினி மீட்டரை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறினாள். மேலிருந்தே கத்தினாள்: "கம்ப்ரசர் மூணு பின்னுல ரெண்டு ஜோடிக்கு மீட்டர் அசையவே மாட்டேங்குது ம்மா. உள்ள கம்பி அறுந்திருக்கு. போல்ட்டெல்லாம் பழைய துரு. இத யாரும் தொட்டதே இல்ல."

நான் வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏசி செத்துக் கிடந்த வண்டி. நான் கால் வைக்க மாட்டேன் என்று தெருவுக்கே சொன்ன வண்டி. அதில் என்னை ஏற்றி, அந்த வெயிலில் அத்தனை தூரம் கொண்டுபோக மனசில்லாமல்தான் 'நீ இரு' என்றிருக்கிறார். மெர்கோங்கில் யாரும் இல்லை. மெர்கோங்கில் ஒரு கம்ப்ரசர் இருந்திருக்கிறது. ஒரு வருடம், ஒரு முழு வருடம், நான் அவரை என்னென்னவோ நினைத்தேன். அட பாவி மனுசா, 'ஏசி செத்துப்போச்சு, வெயில்ல நீ கஷ்டப்படுவ' என்று ஒரு வாய் சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் நான் கத்துவேன் என்று பயந்திருப்பார். கத்தியிருப்பேன். அதுவும் உண்மைதான்.

அழுது முடித்த பிறகு இன்னொன்று உறைத்தது. அவரும் அந்த வெயிலில்தான் போனார். ஏசி போட்டுக்கொண்டு சுகமாகத்தான் போனார் என்பது ஒன்றாவது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதுவும் போயிற்று.

"ஷாமினி, வெயிலாலதான் அப்பாவுக்கு அப்படி ஆச்சா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "தெரியாது ம்மா," என்றாள். இல்லை என்று பொய் சொல்லாமல் இருந்தாளே, அதற்காக அவளைக் கட்டிக்கொண்டேன்.

7

காலையில் ஷாமினி சொன்னாள், தோழியின் காடியை வாங்கி வருகிறேன், இந்த வெயிலில் இதில் வேண்டாம், உங்களுக்கு ஆகாது என்று. நான் பேசாமல் வண்டியில் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தேன். என் பேரை மாற்றிக்கொள்ளவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனோம். வெந்துபோனேன். செம்பனைக் காடு முடிந்து, மலை தெரிந்து, வயல் வந்தது. வழியில் அந்த ஓய்வெடுக்கும் இடத்தில் ஷாமினி வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தாள். தலையாட்டினேன். உள்ளே போய்க் கோட்டுக்குள் நிறுத்தினாள். இரண்டு வாந்தி வந்தது, இறங்கி எடுத்தேன். பிளாஸ்கில் கொண்டுவந்திருந்த தேத்தண்ணியை அந்த இடத்தில் ஊற்றினேன். பக்கத்துக் காரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் ஒரு மாதிரிப் பார்த்தது. பார்க்கட்டும்.

கோலா கெடாவில் ஆறு கடலில் சேரும் இடத்தில், மீன் படகுகளைத் தாண்டி, பிண்டம் கரைத்தோம். மகன் இல்லையா என்று பூசாரி கேட்டார். "நான் இருக்கேன்ல," என்றாள் ஷாமினி.

திரும்பும்போது மெர்கோங். ஷாமினி போனில் தேடியதில், ஜப்பான் பழைய சாமான் விற்கும் கடை அங்கே ஒன்றுதான் இருந்தது. கடைக்காரர் ஒரு பாய், நம் ராமநாதபுரத்துப் பக்கம் பூர்வீகம் என்றார். பின்னாலேயே பட்டறை. வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்த ஏர்கோனுக்கு ஒரு கம்ப்ரசர் இருக்கும்மா. சாயங்காலத்துக்குள்ள பத்தவெச்சு, காஸ் ஏத்திக் குடுத்துர்றேன்," என்றார். சொல்லிவிட்டுச் சலித்துக்கொண்டார். "போன வருசம் ஒரு அண்ணன் இதே சாமான் போன்ல கேட்டாரு. எடுத்து வையுங்க பாய், நாளைக்குக் காலையில கெளம்பி வந்துர்றேன்னாரு. வேற ஆளுக்குக் குடுக்காம ரெண்டு வாரம் வெச்சிருந்தேன். வரவே இல்ல. ஒரு போனாச்சும் செஞ்சிருக்கலாம்ல? நம்மள ஏமாத்திட்டாருன்னு விட்டுட்டேன்."

ஷாமினி என் கையைப் பிடித்தாள்.

"ஏமாத்தல பாய்," என்றேன். "வந்துக்கிட்டுதான் இருந்தாரு."

அவர் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பிறகு எங்கள் கையில் எள்ளும் தர்ப்பையும் மிச்சமிருந்த திதிக் கூடையைப் பார்த்தார்.  உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டார்.

சாயங்காலம் ஏசியைப் போட்டார்கள். 'ம்ம்ம்' என்று முனகியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'டக்'குக்காகக் காத்திருந்தேன். 'டக்' வரவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தில் சில்லென்று அடித்தது. இருபது நிமிடம் தாங்கினேன், அதற்கு மேல் முடியவில்லை. "அணைச்சிரு," என்றேன் ஷாமினியிடம். அவள் மறுபேச்சில்லாமல் அணைத்தாள்.

"நோட்டுல எழுதணும்ல ம்மா," என்றாள் பிறகு. "அப்பா எல்லாத்தையும் எழுதுவாரு. நீங்க எழுதுங்க, எனக்கு வராது."

பேனாவை எடுத்தேன். கம்ப்ரசர் என்று எழுதிவிட்டு, அடுத்த வார்த்தைக்குக் கொஞ்சம் நின்றேன். அவருடைய வரிக்கு நேர் கீழே, அவர் எழுதுகிற மாதிரியே எழுதினேன்.

"கம்ப்ரசர் துக்கார். மெர்கோங்."